இரண்டாவது தட்டு

சேவியரின் இடுப்பை முறித்தவன் நான். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவன் அவன் என்பதால் இதுவரை என்னை யாரும் ஒரு சொல் கேட்டதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... கேட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் மூடிக் கிடந்த கன்டெய்னர் யார்டு ஒன்றில், பழைய டயர்களை அடுக்கித் தடம் அமைத்து, ஞாயிறுதோறும் கார் ஓட்டுவோம். என் காரில் இருப்பது சூப்பர்சார்ஜர், எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் கருவி. எஞ்சினின் பெல்ட்டே அதைச் சுழற்றும். ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே வேகம் வரும். சேவியர் புதிதாக வாங்கிய காரில் அதே வேலைக்கு டர்போ. எஞ்சின் வெளியே தள்ளும் புகைதான் அதைச் சுழற்ற வேண்டும். மிதித்தபின் ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்கும், பிறகு மொத்தமாகப் பாயும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஊருக்கே வகுப்பெடுத்தவன் நான்தானே!

அன்று அவனைப் பழக்க அருகில் உட்கார்ந்தேன். ஹெல்மெட்டுக்குள் பேச்சு கேட்காது. அதனால் அவன் முழங்காலில் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் மிதி. மறு தட்டு என்றால் இன்னும் அழுத்து.

கடைசி வளைவின் நடுவில் தட்டினேன். வேகம் ஏறவில்லை... பயந்துபோய் மிதிக்காமல் இருக்கிறான் என்று எரிச்சல் வந்தது. ஓங்கித் தட்டினேன்.

ஐயோ, முதல் தட்டுக்கே அவன் மிதித்திருந்தான்! டர்போதான் இன்னும் எழும்பவில்லை. என் காரின் பழக்கத்தில் அதை மறந்துபோனேன். இரண்டாவது தட்டுக்கு அவன் முழுக்க அழுத்த, ஸ்டீயரிங் திரும்பியிருக்கும்போதே மொத்த வேகமும் வந்து சேர்ந்தது. கார் சுழன்று, டயர் அடுக்கைச் சிதறடித்து, அவன் பக்கமாகக் கன்டெய்னரில் மோதியது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் கேட்டான்: "ஏலே, நீ தட்டுததுக்கு முந்தியே நான் முழுசா மிதிச்சிட்டனோ? ஒண்ணும் ஞாபகமில்ல."

"ஆமாலே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் அம்மா பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்ததாலா? கோழை நான்... அவ்வளவுதான்.

அவன் காத்திருந்த கப்பல் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில், அந்த இடுப்பால் தேறவில்லை. "எம் புத்தி கெட்டு மிதிச்சேன், எம் பொழப்பு போச்சு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறான். கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போய், "பொய் சொன்னேன் சாமி" என்றேன். என்ன பொய் என்று சொல்லாமலே எழுந்து வந்தேன்.

அவன் நெற்றியைச் சுருக்கி எதையாவது யோசித்தாலே நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். நினைவு திரும்பிவிட்டதோ! அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும்?

நேற்று ஊன்றுகோல் இல்லாமலே வீட்டுக்கு வந்தான்.

"ஏலே, வார ஞாயித்துக்கிழமை மறுபடி ஓட்டப் போறேன். நீதான் பக்கத்துல இருக்கணும். இந்தத் தடவ நீ தட்டாம மிதிக்கவே மாட்டேம்லே."

முடியாது என்றால் காரணம் கேட்பான். இருக்கிற காரணம் ஒன்றே ஒன்று... அந்த இரண்டாவது தட்டு. சரியென்று தலையை ஆட்டிவிட்டேன்.

சந்தோஷத்தில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். விடுவித்துக்கொள்ளவும் பயமாக இருந்தது.