பச்சைமலைக்கு எட்டு மணி பஸ்

மரவள்ளிக்கிழங்கின் பால் காகிதத்தில் பட்டால் பழுப்பாகக் கறை பிடித்துவிடுகிறது. பச்சைமலைக்குக் கணக்கெடுப்புக்குப் போய்வந்த அக்கா என் மேஜையில் வைத்த படிவக் கட்டுக்குள், பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கறை இருந்தது. ஓரங்களில் செம்மண் வேறு. படிவம் என்றால் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். "என்னக்கா, ஃபாரத்து மேலயே கிழங்கு உரிச்சீங்களா?" என்று கேட்டேன். "மலைப் பொண்ணுங்களோட உக்காந்து நானும் உரிச்சேன் சார். கை வேலையா இருந்தாத்தான் வாய் தொறக்குது" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

திருச்சியில் ஒரு மாடியில் மூன்று அறைகளில் இயங்கிய ஆய்வு நிறுவனம் எங்களுடையது. அரசாங்கம் ஒரு திட்டம் போடுவதற்கு முன், எந்த ஊரில் யாருக்கு வேலை இல்லை, எதைச் செய்துகொடுத்தால் வேலைக்கு வருவார்கள் என்று எங்களைப் போன்றவர்களிடம் கேட்கும். நாங்கள் வீடு வீடாகப் போய் விசாரித்து அறிக்கை எழுதித் தருவோம். அந்த முறை கேள்வி இதுதான்: பெண்களுக்கான தையல் கூடத்தையும் அதற்குப் போய்வரக் காலையில் ஒரு பஸ்ஸையும் பச்சைமலை ஊர்களுக்குத் தருவதா, தொட்டியம் பக்கத்து ஆற்றங்கரை ஊர்களுக்குத் தருவதா? இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். அக்கா களப்பணியாளர். அவர் கொண்டுவரும் படிவங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் நான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கைலாசபுரத்திலிருந்து தினமும் முதல் ஆளாக அலுவலகத்துக்கு வந்துவிடுவார். நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்போம். அவர் என்னை மட்டும் சார் என்பார், கையெழுத்து என்னுடையது என்பதால்.

படிவத்தில், 'நீங்கள் வேலை தேடுகிறீர்களா?' என்று ஒரு கேள்வி. அதை வீட்டில் வைத்து, அச்சிட்டிருப்பதை அப்படியே வாசித்துக் கேட்க வேண்டும் என்பது விதி. அக்கா வீட்டிலும் கேட்கவில்லை, அச்சிட்டபடியும் கேட்கவில்லை. நான் காரணம் கேட்டபோது பொறுமையாகச் சொன்னார். "வாசல்ல மாமியாரும் புருஷனும் நிக்கிறப்ப, வேலை தேடுறேன்னு எந்தப் பொண்ணு சார் சொல்லுவா? இந்த வீட்டுல எனக்குச் சோறு இல்லன்னு சொன்ன மாதிரி ஆயிடும். அதான் அவங்க கிழங்கு உரிக்கிற காட்டுக்கே போயிட்டேன். காலையில எட்டு மணிக்கு பஸ் வந்தா ஏறுவீங்களான்னு கேட்டேன். ஒருத்தர் விடாம ஏறுவோம்னாங்க."

அவர் சொன்னது எனக்குப் புரியாமல் போயிருந்தால் இன்று இவ்வளவு உறுத்தாது. நன்றாகவே புரிந்தது. ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டால் இந்த ஊரையும் அந்த ஊரையும் ஒப்பிட முடியாது என்று நான் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் மலையில் கேள்வியை ஏன் மாற்றிக் கேட்டோம் என்று அறிக்கையில் ஒரு குறிப்பு சேர்த்திருக்கலாம். அரைப் பக்கம் போதும். குறிப்பு எழுதினால் மேலிடத்தில் விளக்கம் கேட்பார்கள், அறிக்கை தள்ளிப்போகும், என் பெயர் கெடும். அந்தக் கட்டு முழுவதையும் ரத்து செய்துவிட்டு, விதி பிசகாத வேறொருவரை மலைக்கு அனுப்பினேன். வாசலில் நின்று கேட்டு, அழுக்குப் படாத படிவங்களோடு அவர் திரும்பினார். எல்லாவற்றிலும் 'தேடவில்லை' என்ற கட்டத்தில் டிக். 'மலை ஊர்ப் பெண்களிடம் வெளிவேலையில் நாட்டமில்லை' என்று அறிக்கையில் எழுதியவன் நான்தான். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று அப்போது எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தையல் கூடமும் பஸ்ஸும் ஆற்றங்கரைக்குப் போயின. அங்கிருந்த பெண்களுக்கும் அது தேவைதான், அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அக்கா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணவர் ஓய்வு பெற்றதும் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு வெளியூர் போய்விட்டார்.

போன வருடம் வேறு ஒரு வேலையாக அதே மலை ஊருக்குப் போனேன். காலை நேரம். கிழங்கு மூட்டை ஏற்றுகிற வேன் ஒன்றில், பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்தபடி பெண்கள் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தார்கள். கீழே வேலைக்குப் போகிறார்களாம். பஸ் இல்லையா என்று வேன்காரரிடம் கேட்டேன். "மத்தியானம் ஒண்ணு வரும் சார். அது வேலைக்குப் போறவங்களுக்கு எதுக்கு ஆகும்?" என்றார். கொண்டை ஊசி வளைவில் வேன் சாய்ந்து திரும்பியபோது அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்ததைப் பார்த்தேன். நாட்டமில்லாதவர்கள் என்று நான் எழுதியது இவர்களைத்தான். வெட்கமாக இருந்தது.

இந்தத் தை மாதம் ஸ்ரீரங்கத்தில், மருந்துக்கடை வரிசையில் எனக்கு முன்னால் அக்கா நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பெருமாளைச் சேவித்துவிட்டு முட்டிவலிக்கு மாத்திரை வாங்க வந்தாராம். என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். பிறகு சற்றுத் தயங்கி, "சார், அந்தப் பச்சைமலைக்கு பஸ் விட்டாங்களா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்கப் போவதில்லை. "விட்டாங்கக்கா" என்றேன்.

"காலையிலயா?"

"எட்டு மணிக்கு."

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லதாப் போச்சு சார். நீங்க அன்னிக்கு என் ஃபாரத்தையெல்லாம் ரத்து பண்ணப்ப, இந்தப் பொண்ணுங்க பஸ்ஸைக் கெடுத்துட்டாரேன்னு உங்களை மனசுக்குள்ள ரொம்பத் திட்டிட்டேன். இத்தனை வருஷமா திட்டியிருக்கேன். மன்னிச்சுக்குங்க சார்."

"பரவால்லக்கா" என்றேன்.