நல்லம்மாள் திருடாத தண்ணீர்

அப்பாவின் கார்டு நாமக்கல்லில் என் கைக்கு வந்தபோது நான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். தறிக்கு நூல் கிடைக்காத கஷ்டம், அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் எழுதிவிட்டு, இடம் மிஞ்சிய ஓரத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: “அடுத்த வீட்டுக் குழாயம்மா விஷக்காய்ச்சலில் வெள்ளிக்கிழமை தவறிவிட்டது.”

அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அந்த அம்மாளுக்கு நல்லம்மாள் என்று ஒரு பெயர் உண்டு. நாமக்கல்லுக்கு வருமுன் நானும் வேலை பார்த்த நம் பெண்கள் பள்ளியில் பத்து வருஷத்துக்கு மேல் தையல் ஆசிரியையாக இருந்தவர். யாரையும் நோகப் பேசாத என் அப்பாவுக்கே பேனா முனையில் வந்தது தெரு வைத்த பட்டப்பெயர்தான்.

பள்ளி மலருக்கு அவரைப் பற்றிப் பத்து வரி எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியை. சாந்தமான குணம், சிரித்த முகம் என்று எழுதினால் போதுமாம். அந்தப் பத்து வரி எனக்கு எழுத வரவில்லை. பெரிதாகிவிட்டாலும் இதை அப்படியே போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவர் மல்லசமுத்திரத்துக்காரர். கணவர், பெட்ரோல் கிடைக்காத இந்த யுத்தக் காலத்தில் கரிப்புகையில் ஓடும் பஸ் ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார். வீட்டுக்குப் பின்னால் நாலு கட்டில் போடுகிற இடத்தில் அவருடைய தோட்டம் இருந்தது. நம் பக்கத்து வெயிலில் பங்குனியிலிருந்து ஆனி வரை செடியை உயிரோடு வைத்திருந்தாலே பெரிய காரியம். ஓலைத் தட்டி கட்டி வேரைக் காப்பாற்றி, ஆனிக் கடைசியில் செவ்வந்திப் பக்கக்கன்றுகளைப் பிரித்து நடுவார். ஆடி முழுக்கக் கொழுந்து கிள்ளுவார். ஆவணி வெயில் கன்றின் இலையைச் சுருட்டும்போது அவருடைய முகமும் சுருங்கும். புரட்டாசியில் முதல் மழை மண்ணைத் தொட்டதும் மொட்டுகள் ஒன்றாகத் திரளும். நம் ஊரில் வசந்தம் என்று ஒன்று இருந்தால் அது அந்த ஒரு மாதம்தான்.

நன்றாக வளர்கிற நுனியை ஏன் கிள்ளி எறிகிறீர்கள் என்று முதல் வருஷம் கேட்டேன். “தலையைக் கிள்ளுனாத்தான் அம்மணி இடுப்புல நாலு கை மொளைக்கும். இப்பவே ஒத்தப் பூவப் பாத்துட்டு உக்காந்திருந்தா நவராத்திரி நோம்பிக்கு என்னத்த வெக்கறது?” என்றார்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். பாத்திரம் துலக்குகிற கல்லிலிருந்தும் குளிக்கிற கல்லிலிருந்தும் ஓடும் தண்ணீரைத் தெருச் சாக்கடைக்கு விடாமல், ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பியிருந்தார். அது மணலும் கரியும் போட்ட ஒரு குழிக்குள் இறங்கும். அங்கிருந்து கல்வாழைப் புதரைச் சுற்றிக்கொண்டு செவ்வந்திப் பாத்திக்குப் போகும். எங்கள் வீட்டு மதில் குட்டை. எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும். ஒரு குடம் குழாய்த் தண்ணீர் அந்தச் செடிகளுக்குப் போய் நான் கண்டதில்லை.

அந்தப் பூக்களை அவர் விற்கவில்லை. நவராத்திரி ஒன்பது நாளும் தெருவில் எல்லா வீட்டுக்கும் தட்டில் போகும். எங்கள் வீட்டுச் சரஸ்வதிக்கும் அந்தப் பூதான்.

போன வருஷம் மழை பொய்த்தது. ஊருக்குக் குடிதண்ணீர் தருகிற பனமரத்துப்பட்டி ஏரி வற்றி, குழாயில் காலையில் ஒரு மணி நேரம் நூல் போலத் தண்ணீர் வந்தது. எதிர்வீட்டு மளிகைக்கடை மாமா ஒரு காகிதத்தோடு என்னிடம் வந்தார். “நீ பி.ஏ. படிச்ச புள்ள. உன்னய உட்டா இந்தத் தெருவுல இங்கிலீசு எழுத யாரிருக்கா? தமிழ்ல எழுதுனா ஆபீசுல குப்பைக்கூடைக்குப் போயிருமாம்.” முனிசிபாலிட்டிக்கு ஒரு மனு, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். குடிக்க வரும் தண்ணீரைச் சிலர் பூச்செடிக்குப் பாய்ச்சி வீணாக்குகிறார்கள் என்ற வரி வந்ததும் என் கை நின்றது. “சிலர்னே போடு. பேரு எதுக்கு, பொல்லாப்பு?” என்றார். பூச்செடி இருந்தது ஒரே வீட்டில். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“இல்லைங்க மாமா” என்ற இரண்டு சொல் என் வாயில் வரவில்லை. எழுதி, பிழை திருத்தி, நல்ல கையெழுத்தில் படியெடுத்தும் கொடுத்தேன். “படிச்சும் எவ்வளவு அடக்கம் பாரு” என்று என்னைச் சொல்வார்கள். அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்தவர்களின் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

பத்தாம் நாள் முனிசிபாலிட்டி ஓவர்சீயர் அவர் வீட்டுக்கு வந்தார். தெருவே வாசலில் கூடியது. “ஊரே காஞ்சு கெடக்கு. உங்க செடி மட்டும் எப்படீங்கம்மா பச்சையா இருக்குது? எந்தத் தண்ணி ஊத்தறீங்க?”

நல்லம்மாள் அக்கா வாசலில் நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என் அம்மாவைப் பார்த்தார். மாமாவின் மனைவியைப் பார்த்தார். ஓவர்சீயர் காகிதத்தை மடித்தபடி, “மனு நல்லா எழுதியிருக்காங்க. யாரோ படிச்சவங்க” என்றார். அப்போது அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் வீட்டுக் குழாயை அடைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பள்ளியில் தையல் அறையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, “எழுத்து நல்லா இருந்துதாமல்லோ அம்மணி? சந்தோசம்” என்றார். நான் அழுதேன். நீங்கள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“என்னன்னு சொல்றது? அம்பாளுக்கு வெச்ச பூவெல்லாம் எச்சித் தண்ணியில வளந்ததுன்னா? திருடின்னா அது என்னோட போயிரும். எச்சின்னா, இத்தன வருசமா வெச்ச அத்தன ஊட்டுப் பூசையும் கெட்டுப்போச்சுன்னு உக்காந்து அழுவாங்க அம்மணி. நீயும் சொல்லீராத.”

எனக்கு அது வசதியாகப் போயிற்று. அவரே சொல்லாதே என்றாரே என்று என் கோழைத்தனத்தை அவருடைய வார்த்தைக்குள் ஒளித்துவைத்தேன்.

தெருக்குழாயில் அவர் குடத்தோடு வரிசையில் நின்றார். “வா குழாயம்மா, உனக்கில்லாத தண்ணியா?” என்று ஒருத்தி ஆரம்பித்தாள். சிரிப்பு எழுந்தது. “ஆமாங்க, கொழாயிக்கே நாந்தான் அம்மா. கொஞ்சம் வழி உடுங்க” என்று சொல்லிவிட்டுக் குடத்தை வைத்தார். பெயர் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக் குழாய் அடைபட்டுக் கிடந்தது. செடிகளோ வாடவில்லை. நவராத்திரிக்கு எந்த வருஷத்தையும் போலப் பூத்தன. மளிகைக்கடை மாமாவின் மனைவி கூடையோடு வந்தார். “அம்பாளுக்கு மஞ்சளா மட்டும் பொறுக்கிப் போடு நல்லம்மா.” கூடை நீட்டுகிற அந்த வாரம் மட்டும் அவருக்கு நல்லம்மா என்ற பெயர் திரும்பக் கிடைத்தது. அக்கா பொறுக்கிப் போட்டார், கூடை நிறைய.

குழாய் அடைத்த வீட்டில் அந்தப் பூ எந்தத் தண்ணீரில் பூத்தது? ஒருவர், ஒரே ஒருவர், அதைக் கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. தெருக்காரர்களே, பூவை மட்டும் வாங்கிக்கொண்டு போனீர்கள். மழை வந்தது, குழாயைத் திறந்தார்கள், பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. அது சாவுச் செய்தி வரை வந்து, அப்பாவின் கார்டில் ஏறி, எனக்கும் வந்து சேர்ந்தது.

ஆகவே சொல்கிறேன். நல்லம்மாள் ஒரு சொட்டுத் தண்ணீர் திருடவில்லை. நீங்கள் இத்தனை வருஷம் அம்பாளுக்கு வைத்ததும் நாங்கள் சரஸ்வதிக்கு வைத்ததும் பாத்திரம் கழுவிய தண்ணீரில் வளர்ந்த பூ. அம்பாள் ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதைப் படித்துவிட்டு யாராவது உட்கார்ந்து அழுவதானால் பூசைக்காக அழ வேண்டாம். அவர் இதை மறைக்கச் சொன்னார், நான் மீறுகிறேன். அந்த மனுவை உங்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதினேன். இதை உங்கள் பிள்ளைகள் உங்களுக்குப் படித்துக் காட்டலாம்.

நான் நாமக்கல்லுக்குப் புறப்பட்டபோது ஈரச் சாக்கில் மூன்று பக்கக்கன்று சுற்றிக் கொடுத்தார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவ்வளவுதான். என் அறைக்குப் பின்னால் இப்போது மஞ்சளாகப் பூத்திருக்கின்றன. பூ கேட்டு வருகிறவர்களிடம் என்ன தண்ணீர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் முகம் சுளித்துப் போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த அம்மாள் சற்று யோசித்துவிட்டுக் கூடையை நீட்டினார்.