ஹார்கிரீவ்ஸ் வீட்டுச் சுவரில் காணாமற்போன நாலரை அங்குலம்

"2019 நவம்பர் 4, திங்கட்கிழமை. புது விறகடுப்பு பொருத்தி ஏழாம் நாள். அடுப்புக்குப் பின்னுள்ள சுவர் கை வைக்க முடியாமல் சுட்டது. அடுப்போ மூன்று நாளாக அணைந்து கிடந்தது. இதற்குப் பொறுப்பு பொருத்தியவரே என்பது என் குற்றச்சாட்டு."

எழுதிக் கோப்பில் சேர்த்த பிறகு, எட்வின் ஹார்கிரீவ்ஸுக்குத் தம் குற்றச்சாட்டே புரியவில்லை. எரியாத அடுப்பு எப்படிச் சுடும்?

நிமோனியா கண்டு மருத்துவமனையிலிருந்து வந்த மனைவி முரியலுக்கு முன்னறை கதகதப்பாக இருக்க வேண்டும் என்றுதான் அந்த அடுப்பையே வாங்கினார். எரித்தபோது சுவர் அனலாய்க் காய்ந்ததால் பயந்து அணைத்தார். இப்போது முரியல் வீட்டுக்குள்ளேயே கம்பளிக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

பொருத்திய கார்த்வெயிட்டைத் தொலைபேசியில் பிடித்தார்.

"புது அடுப்புன்னா சுவர் சுடத்தான் சார் செய்யும்."

"அணைஞ்சு கிடக்கிற அடுப்புக்குமா?"

"பழைய சூடு இருக்கும்."

"மூணு நாளாவா? அப்போ என் டீக்கும் நீங்களே வந்து மூணு நாள் சூடு ஆறாத ஒரு கெட்டில் பொருத்திக் கொடுங்க."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அதையும் நேரம் போட்டு எழுதிக்கொண்டார்.

சுவரில் வெப்பமானியை ஒட்டி, அடுத்த மூன்று நாள் மணிக்கொரு முறை குறித்தார். தினமும் ஒன்பதரைக்குச் சூடு ஏறியது, மாலையில் இறங்கியது. சுவருக்குக் காய்ச்சலா என்று கூட நினைத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சுவரில் மூன்று தட்டல். இரு வீட்டுக்கும் அது பொதுச்சுவர்; பக்கத்து வீட்டு ஹில்டா சக்டன் மறுபக்கம் தன் கணப்பின் பின்சுவரில் கம்பியால் தட்டி, "எழுந்தாச்சு, நலம்" என்று சொல்லும் வழக்கம். இங்கிலாந்தின் கீத்லி ஊரில் அந்தத் தெருவுக்குச் சுவர்தான் தபால்காரன். இருபது வருடமாக மங்கலாக வந்த தட்டல், புது அடுப்பு வந்ததிலிருந்து உரக்கக் கேட்டது; இன்று அலமாரிக் கோப்பையையே அதிரவைத்தது.

"அறைக்குள்ளேயே வந்து தட்டுறாப்ல இருக்கு!" என்றாள் முரியல்.

எட்வின் அவளுடைய பின்னல் ஊசியை வாங்கி, அடுப்புக்குப் பின்னால் செங்கல் இடுக்கின் சுண்ணாம்புச் சாந்தில் மெல்லச் செருகினார். ஒன்பது அங்குலச் சுவரில் நாலரை அங்குலத்திலேயே ஊசிக்குத் தடை இல்லாமற்போயிற்று.

"ஏய் எட்வின்!" சுவருக்கு அப்பாலிருந்து ஹில்டாவின் குரல். "என் அடுப்புக்குள்ள ஊசி நீட்டறியே, எனக்குக் கம்பளிச் சட்டை பின்னப் போறியா?"

"ஹில்டா, தயவு செஞ்சு நெருப்பு மூட்டாதீங்க!"

"ஏன்ப்பா, எனக்குக் குளிரலையா?"

அன்று அவள் மூட்டவில்லை. சுவர் நாள் முழுவதும் குளிர்ந்தே கிடந்தது. இத்தனை நாள் அதைக் காய்ச்சியது, தினமும் ஒன்பதரைக்கு அவள் மூட்டும் நிலக்கரி. பெரிய அடுப்பை உள்ளே தள்ள கார்த்வெயிட் பின்சுவரைச் செதுக்கியிருக்க வேண்டும். ஆனால் அவன் கையெழுத்திட்ட சான்றிதழ், "சுவர் தொடப்படவில்லை" என்கிறது. ஆர்டர் படிவத்தில் எட்வினே எழுதிய, அடுப்பு வைக்கும் சுவர்மாடத்தின் ஆழம் பதினான்கு அங்குலம், இன்று பதினெட்டரை. தாமே தப்பாக அளந்தோமோ என்று ஊசித்துளை வழியே ஹில்டாவிடம் கேட்டார்.

"நீயா?" ஹில்டா சிரித்தாள். "டீ ஊறுறதுக்கே கடிகாரம் பாக்குற ஆளு நீ, கண்ணு."

ஊசித்துளையை நெருப்பைத் தாங்கும் சிமெண்டால் அடைத்துவிட்டு, கார்த்வெயிட்டுக்கு எழுதினார்:

"இரு வீடுகளிலும் கணப்பு அணைந்துள்ளது. என் மனைவி குளிரில் இருக்கிறாள். சுவர் தொடப்படவில்லை எனில் நாலரை அங்குலச் செங்கல் எங்கே போயிற்று? தொட்டீர்கள் எனில், சான்றிதழில் அப்படி ஏன் எழுதினீர்கள்? எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஏழு நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தரவும். தொலைபேசியில் சொல்வது பதிலாக ஏற்கப்படாது."