விட்டுப் படித்த வரி

தொண்ணூற்றாறாம் ஆண்டு டைரி ஒழுங்காக மூடாது. முக்கால் பங்கு தாண்டியதும் ஐப்பசி மாதத்துப் பக்கங்கள் ஏழெட்டு, நனைந்து காய்ந்து, பொரித்த அப்பளம் போல அலையோடிக் கிடக்கின்றன. பழுப்பு அட்டை. ஆரணியில் ஒரு பட்டுக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. நான் நீல மையில்தான் எழுதுவது வழக்கம். அந்தப் பக்கங்களில் மை பரவி எழுத்துகளுக்கு மீசை முளைத்திருக்கிறது. ஆனாலும் படிக்க முடியாமல் போன சொல் ஒன்றுகூட இல்லை. போயிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அந்த ஐப்பசியில் ஒரு நாள் நானும் என் நண்பனும் மழையில் மெட்ராஸைச் சுற்றிப் பார்த்தோம். அவனும் நானும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். பதினான்கு வயதில் இருவரும் தறியில் உட்கார்ந்தோம். எனக்கு இருபத்திரண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை கிடைத்து நான் எழுந்து வந்துவிட்டேன். அவன் எழவில்லை. எங்கள் பக்கத்துத் தறிகள் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்பவை. அடைமழையில் குழிக்குள் ஊற்று எடுக்கும், ஈரத்தில் பட்டு இழை ஒன்றோடொன்று ஒட்டும், தறி நின்றுவிடும். ஆகவே நெசவுக்காரன் ஊர் பார்க்கப் போவதென்றால் அது மழை நாளாகத்தான் இருக்கும். வெயிலில் மெட்ராஸைப் பார்த்த நெசவாளி எங்கள் தெருவில் அப்போது குறைவு.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு எனக்குக் கண் சிவந்து வேலூருக்குப் போய்க் காட்டினேன். டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதித் தந்தார். காலை ஒரு சொட்டு, மாலை ஒரு சொட்டு. பத்து நாளுக்கு மேல் போடக் கூடாது என்றார். அன்றே அதை டைரியில் எழுதினேன். பத்தாம் நாள் மாலை நிறுத்தினேன். குப்பியில் பாதி மிச்சம் இருந்தது. அந்த வாரம்தான் நண்பன் கண் எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். சாயம் ஏறிய இழையையும் ஜரிகையையும் நாற்பது வாட் பல்பில் நாள் முழுக்க உற்றுப் பார்ப்பவனுக்குக் கண் எரியாமல் என்ன செய்யும்? மிச்ச மருந்தை அவன் கையில் கொடுத்து, "போட்டுப் பாரு, ஜில்லுன்னு இருக்கும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பத்து நாள் என்பதை எழுதியவன் அதைச் சொல்லவில்லை.

மருந்து நன்றாகக் கேட்டது. தீர்ந்ததும் அவன் காலிக் குப்பியை மருந்துக்கடையில் காட்டி இன்னொன்று வாங்கினான். பிறகு இன்னொன்று. தினமும் தறியை விட்டு எழுந்ததும் முகம் கழுவி, தலையை நிமிர்த்தி, கண்ணுக்கு ஒரு சொட்டு. நான்கு ஆண்டுகள். நான் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்தபடி பல நாள் அதைப் பார்த்திருக்கிறேன்.

அவன் பார்வை ஓரத்திலிருந்து குறைந்துகொண்டு வந்தது யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கே தெரியவில்லை. தறியில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேண்டியது எதிரில் ஒரு சாண் இடம். அந்தச் சாண் கடைசிவரை தெளிவாகத்தான் இருந்தது. வேறு வேலை செய்பவன் என்றால் முதல் வருஷமே கண்டுபிடித்திருப்பான். இவன் தெருவில் பக்கத்தில் வருபவரைப் பார்க்காமல் போனான், தலைக்கனம் என்றார்கள். வைத்த டம்ளரைத் தட்டிவிட்டான், கவனம் இல்லை என்று மனைவி திட்டினாள். "ஜட்கா குதிரைக்குக் கட்டற மாதிரி கண்ணுக்கு மட்டை கட்டிக்கினு நடக்கறியாடா?" என்று நானே ஒருமுறை கேலி செய்தேன். அவன் சிரித்தான். சைக்கிளில் போய் நின்றிருந்த ஆட்டின் மேல் ஏற்றிய பிறகுதான் ஊரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, மெட்ராஸ் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

விடியற்காலை நாலரை மணி பஸ். ஆற்காடு தாண்டும்போதே தூறல். எழும்பூரில் ஆஸ்பத்திரி வரிசையில் இரண்டரை மணி நேரம் நின்றோம். இள வயது டாக்டரம்மா, கண்ணுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார், அழுத்தம் அளந்தார், இரண்டு கையையும் விரித்து விரலை ஆட்டி, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டுக்கொண்டே பக்கவாட்டிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்தார். விரல் மூக்குக்கு நேரே வரும்வரை அவன் தெரியவில்லை என்றே சொன்னான். பிறகு அவர் சொன்னது சுருக்கமானது. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது. போனது வராது. இருப்பதும் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. அவன் பையிலிருந்த குப்பியை வாங்கிப் பார்த்தார்.

"இது கொஞ்ச நாளைக்குப் போடற மருந்துங்க. இதை நாலு வருஷம் போடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லலீங்கம்மா. நானேதான் மெடிக்கல்ல வாங்கிப் போட்டுக்கினேன்."

"முதல்ல யார் கொடுத்தது?"

"நானேதாங்க."

நான் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். டாக்டரம்மா என்னையும் ஒருமுறை பார்த்தார். நான் பேசவில்லை.

வெளியே வந்தபோது மழை பலமாகிவிட்டது. ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றேன். அவன், "இவ்ளோ தூரம் வந்துட்டு? இருக்கற கண்ணுக்கு எதயாவது காட்டுடா" என்றான். நான் மனதுக்குள் போட்டு வைத்திருந்த வரிசைப்படியே அழைத்துப் போனேன். முதலில் அருங்காட்சியகம். அங்கே திமிங்கலத்தின் எலும்புக்கூட்டின் கீழே வெகுநேரம் நின்றான். கழுத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வாலப் பாத்தா தலையக் காணோம், தலையப் பாத்தா வாலக் காணோம். பேஜாரு புடிச்ச மீனு" என்றான். பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் அங்கே இருந்ததே அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அடுத்து, பாலத்தின் மேலேயே ஓடும் புது ரயில். கண்ணாடியில் நீர் வழிந்து ஒன்றும் தெரியவில்லை. துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். கலங்கரை விளக்கத்தில் ஏற வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த வருஷங்களில் பொதுமக்களை மேலே விடுவதில்லை. காவலுக்கு இருந்தவர் குடைக்குள்ளிருந்தே கையை ஆட்டினார். "அதுகூடக் கண்ண மூடிக்கினுதாண்டா இருக்குது" என்றான் நண்பன். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்துத் தலையைத் திருப்பி என்னைத் தேடினான்.

கடற்கரையில் ஆள் இல்லை. சுண்டல் வண்டிகள் தார்ப்பாய் மூடி நின்றன. கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம். முதன்முறை கடல் பார்க்கிறான். "டைரி, ஒன்னு செய்" என்றான். என்னை அப்படித்தான் கூப்பிடுவான். "முன்னால பத்துத் தப்படி போயி, கடலுக்கும் எனக்கும் நடுவுல நில்லு. நான் தலையத் திருப்பாம நேரா பாக்கறேன். நீ அப்படியே பக்கத்துல நட. எப்ப நீ காணாமப் போறன்னு சொல்றேன்."

போய் நின்றேன். வலப்பக்கம் ஒரு தப்படி வைத்தேன். இரண்டு. "போய்ட்ட" என்று கத்தினான். அலைச் சத்தத்தில் மெலிதாகக் கேட்டது. நடுவுக்கு வந்து இடப்பக்கம் நடந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "போய்ட்ட." அந்த இடத்திலேயே நின்றேன். அவன் நேரே பார்த்தபடி, கைகளைத் தொங்கவிட்டு, நனைந்துகொண்டு நின்றான். நான் முழுதாக அவன் எதிரில்தான் இருந்தேன், அவனுக்கு நான் இல்லை. அந்த நேரத்தில் என் மனதில் ஒரு நிம்மதி வந்தது. அதை எழுதிவைக்க எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

திரும்பி வந்து எண்ணிக்கையைச் சொன்னேன். கணக்குப் போட்டான். "ஆறு தப்படி. ஒரு பொடவ நீளங்கூடத் தேறலயேடா." பையிலிருந்த டைரியை எடுத்து மழையிலேயே எழுதினேன்: வலம் இரண்டு, இடம் நான்கு. பக்கங்கள் நனைந்தது அப்போதுதான். "இதயும் எழுதிட்டியா?" என்று தோளில் தட்டினான். பிறகு ஈர மணலில் உட்கார்ந்து, "நான் ஒரு முட்டாள். நாலு வருஷம்! யாரயாவது ஒரு வார்த்த கேட்டிருக்க வேணாம்?" என்றான். கேட்கவேண்டிய ஆள் நான். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மாலை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுப்பினேன்.

ஓர் அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் அந்த ஆறு தப்படியும் போய்விட்டது. அவன் தறியில் இப்போது அவன் மனைவி உட்கார்கிறாள். அவன் வாசலறையில் ராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றுகிறான், அதாவது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் ஊடை நூலை ஏற்றித் தருகிறான். இழை அறுந்தால் விரலிலேயே தெரிந்துவிடும். நிறம் மட்டும் ஒவ்வொரு நூல் கண்டுக்கும் கேட்டுக்கொள்வான். ஒவ்வோராண்டும் அடைமழை பிடித்துத் தறி நிற்கும் முதல் நாளில் நான் போவேன். "இன்னா டைரி, மெட்ராஸ் போலாமா?" என்பான். நான் அந்தப் பக்கங்களைப் படிப்பேன். நாலரை மணி பஸ், ஆற்காட்டில் தூறல், திமிங்கலம், ரயில், கடல். நடுநடுவே அவன் ஏதாவது சேர்ப்பான். டாக்டர் கேட்ட கேள்வி வரும் இடத்தில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன். 'முதலில் யார் கொடுத்தது என்றார். நானே என்றான். நான் பேசவில்லை.' இதுதான் அந்த வரி.

போன ஆண்டு படித்து முடித்ததும் அவன், "ஒரு எடத்துல விட்டுட்டுப் படிக்கிற" என்றான். "வருஷா வருஷம் அதே எடந்தான். அங்க வந்தா உனக்கு மூச்சு மாறுது."

அந்த வரியைப் படித்தேன். அவன் ராட்டையை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "அட இதானா? மொதக் குப்பி நீ குடுத்ததுன்னு எனக்குத் தெரியாதா? நல்லதுக்குக் குடுத்த. அந்தம்மாகிட்ட உன்ன மாட்டிவுடச் சொல்றியா?"

அங்கேயே விட்டிருக்கலாம். மன்னிப்பு கைக்கு வந்துவிட்டது. ஆனால் அது தெரியாமல் கொடுத்த மன்னிப்பு. பையில் இன்னொரு டைரி பல வருஷமாகக் கூடவே வந்துகொண்டிருந்தது. எடுத்து, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் அந்தப் பக்கத்தைப் படித்தேன். காலை ஒரு சொட்டு, மாலை ஒரு சொட்டு. பத்து நாளுக்கு மேல் போடக் கூடாது என்றார்.

உள்ளே தறிக்குழியிலிருந்து அவன் மனைவி சொம்பால் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது.

"மறுபடி படி" என்றான். படித்தேன்.

"அன்னிக்கே எழுதிட்டியா?"

"அன்னிக்கே."

"ம்" என்றான். விட்ட இழையின் நுனியை மடியில் தடவித் தேடினான். நான் எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் அவனே கண்டுபிடித்துவிட்டான்.

இந்த ஆண்டும் ஐப்பசியில் மழை பிடித்தது. தறி நின்ற அன்று போனேன். வா என்றான், உட்காரச் சொன்னான், மழையைப் பற்றிப் பேசினான். நூல் கண்டை நீட்டி என்ன நிறம் என்று கேட்டான். அரக்கு என்றேன். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்தபோது, "இன்னிக்கு அவருக்கு மெட்ராஸ் படிச்சுக் காட்டலியாண்ணா?" என்றாள்.

அவன் ராட்டையை நிறுத்தவில்லை. "பாத்தாச்சி. போதும்" என்றான்.

டைரி என் மடியில் பைக்குள் இருந்தது. பைக்கு மேலிருந்தே அதன் உப்பல் கைக்குத் தட்டுப்பட்டது. டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.