எட்டு மணி ஜெபத்தில் விடுபட்ட பெயர்

எங்கள் சபையின் ஆண்டு மலரில் மூத்த அங்கத்தினர்களைப் பற்றிப் போடுகிறார்களாம். என் வீட்டுக்காரர் அன்புச்செல்வனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

வயது அறுபத்திரண்டு. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டர். குடி கிடையாது, பீடி கிடையாது. எடமலைப்பட்டி புதூரில் வீடு கட்டும்போது தினமும் டியூட்டி முடிந்து வந்து தன் கையால் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினார். இப்போது ஆண்கள் சங்கத்துச் செயலாளர். எல்லாம் உண்மை. ஊருக்கு இது போதும், எனக்குப் போதாது.

ஜூன் மாதம் தந்தையர் ஞாயிறு வந்தால் பிரசங்கம் அவருடையதுதான். பதினோரு வருஷமாக ஒரே கதை, வேதத்தில் வருகிற கெட்ட குமாரன் கதை. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனைத் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட கதை. "அந்தத் தேசத்துல பெரிய மனுஷங்க ஓட மாட்டாங்க, மரியாதைக் குறைச்சல். ஆனா அந்தத் தகப்பன் ஓடினான்!" என்று சொல்லி வேட்டியை லேசாகத் தூக்கிக் காட்டுவார். பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்கும். கொழுத்த கன்றை அடித்து விருந்து வைத்ததோடு முடித்துவிடுவார். தம்பிக்கு விருந்தா, உள்ளே வர மாட்டேன் என்று வாசலில் முறைத்துக்கொண்டு நின்ற மூத்த மகனைத் தொடவே மாட்டார். கேட்டால் நேரமில்லை என்பார்.

வருஷா வருஷம் ஊழியத்துக்குப் பச்சைமலைக்கும் போவார். அங்கே பொன்னுத்தாய் என்கிற அம்மா வீட்டில்தான் சாப்பாடு. மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொடுப்பார்கள். இவர் பேச்சைக் கேட்டுத்தான் அந்தக் குடும்பமே ஞானஸ்நானம் எடுத்தது. அவர்கள் மகன் அறிவுமதி லேப் டெக்னீஷியன் படிக்க திருச்சி வந்தபோது ஹாஸ்டலில் சேர்த்துவிட்டதும் இவர்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டில் சாப்பாடு. "நம்ம வீட்டுப் பிள்ளை" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். நானும் என் ஒரே மகள் லின்சியும் அதை நிஜம் என்று நம்பிவிட்டோம். நாங்கள் செய்த தப்பு அவ்வளவுதான்.

அறிவுமதியைக் கட்டிக்கொள்கிறேன் என்று லின்சி சொன்ன அன்றைக்கு இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"சகோதரன்னு சொல்றது சபையில. சம்பந்தம் வேற. மலைக்காரனுக்கு எம் பொண்ணா?"

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். யாரும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகளே போய்ப் பெயர் கொடுத்தார்கள். முதல் ஞாயிறு போதகர் வாசித்து முடிக்கவில்லை, இவர் எழுந்து நின்றார். "பொண்ணோட தகப்பன் நான். எனக்கு ஆட்சேபணை இருக்கு." போதகர் கையைப் பிசைந்தார். அடுத்த வாரம் ஓலை வாசிக்கப்படவில்லை. பிள்ளைகள் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டு மலைக்குப் போனார்கள்.

எங்கள் வீட்டில் தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அன்றோடு லின்சியின் பெயர் அதிலிருந்து போயிற்று. நாட்டுத் தலைவர்கள் இருந்தார்கள். எதிர்வீட்டு நிஜாமுதீன் பாயின் முழங்கால் வலி இருந்தது. அட, பச்சைமலை ஜனங்கள்கூட இருந்தார்கள்! பெற்ற மகளுக்கு மட்டும் இடமில்லை. மூன்று வருஷம். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னேனே, அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இந்த ஜூனில் லின்சிக்கு எட்டு மாதம். பிரஷர் ஏறுகிறது, கால் வீங்குகிறது, மலையில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கே பஸ்ஸே நாளைக்கு இரண்டுதான். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? இவரிடம் கேட்டேன்.

"வரட்டும். சபை முன்னால நின்னு, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லட்டும். அந்தக் கதையில மகன் சொல்லலியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அவன் சொத்தை அழிச்சிட்டு வந்தான். இவ என்னத்த அழிச்சா? அவன் பேசி முடிக்கறதுக்குள்ளயே தகப்பன் மோதிரம் கொண்டுவாங்கன்னு சொல்லிட்டான். அந்த இடத்தை நீங்க படிச்சீங்களா இல்லையா?"

"நீ எனக்கு வேதம் சொல்லித்தராதே."

லின்சி மட்டும் லேசுப்பட்டவளா? "அப்பா கூப்பிடாம அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேம்மா. திருவானைக்காவல்ல மாடியில ஒரு ரூம் இருக்கு, அங்க போறோம்" என்றாள் போனில். தகப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிடிவாதம். வீங்கின காலோடு மாடிப்படி! ஞாயிறு காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எனக்காகக் காத்திருக்கும்படி மட்டும் சொல்லி வைத்தேன்.

அன்று தந்தையர் ஞாயிறு. வந்துவிட்டோம் என்று போனில் மெசேஜ் வந்தபோது இவர் பிரசங்க மேடையில் வேட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். "அந்தத் தகப்பன் ஓடினான்!"

நான் எழுந்து நின்றேன். சபையில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ஏங்க! உங்க பொண்ணு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறா. எட்டு மாசம். ஓடுங்க!"

சபையே திரும்பி இவரைப் பார்த்தது. என்னைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். "அடுத்ததாக" என்றார்.

அடுத்ததாகவாம்! செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன்.

லின்சி சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அறிவுமதி இரண்டு பையோடு நின்றான். "அப்பா எங்கம்மா?" என்றாள்.

"அப்பா பிரசங்கம் பண்றாரு. கூப்பிடறது நான். அந்த வீட்டுல முப்பது வருஷமா சோறாக்குறவ கூப்பிடறேன், அது போதாதா? ரெண்டு பேரும் ஏறுங்க."

ஏறினார்கள்.

பன்னிரண்டரைக்கு இவர் வந்தார். வாசலில் இரண்டு ஜோடி புதுச் செருப்பு. கேட்டுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டார். கக்கத்தில் வேதப்புத்தகம், மண்டையைப் பிளக்கிற வெயில். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருஷமாக நேரமில்லை என்று தள்ளிவைத்த அந்த மூத்த மகன் என் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறான். நிற்கட்டும், காயட்டும் என்று நான் அசையவில்லை.

லின்சி போனாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். என்னைக் கேட்டால் போயிருக்கவே கூடாது.

"அப்பா, ஏன் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க, சாப்பிடலாம்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார். பிறகு அவள் கையைப் பிடித்துப் படி ஏற்றிவிட்டுத் தானும் உள்ளே வந்தார். போட்டதைச் சாப்பிட்டார்.

எட்டு மணிக்குப் பாய் விரித்தேன். நாலு பேரும் உட்கார்ந்தோம். நான் கண்ணை மூடவில்லை.

"கர்த்தாவே, லின்சியை..." என்று இவர் ஆரம்பித்தார். "அவ வயித்துப் பிள்ளையை..." என்று சொல்லிவிட்டு, நாட்டுத் தலைவர்களுக்குத் தாவப் பார்த்தார்.

"இன்னொரு பேர் இருக்கு" என்றேன்.

பாயின் ஓரத்தை விரலால் பிய்த்தார். பிறகு, "அறிவுமதியையும்" என்றார்.

மூன்று பேரும் ஆமென் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. அவர் கண்ணைத் திறந்து, "அமிர்தம், ஆமென் சொல்லலியே?" என்றார்.

"மூணு வருஷம் விட்ட பேருங்க அது. தினமும் சொல்லுங்க. எனக்கு என்னைக்கு நம்பிக்கை வருதோ, அன்னைக்குச் சொல்றேன்."

இன்றோடு பதினேழு நாள் ஆகிறது. தினமும் இரண்டு பெயரையும் சொல்லிவிட்டு என் வாயைப் பார்க்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.