மத்தியானத்துக்கு முன் ஒரு வெசாக்

1995ஆம் ஆண்டு, மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு. காலை ஏழு மணிக்கு வோபர்னில் எங்கள் கட்டிடத்தின் கீழே நின்று, என் வான் வண்டியின் நான்கு சில்லுகளையும் காலால் உதைத்துப் பார்த்தேன். பிறகு றேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்தேன். மூடிய பிறகு சரியாக மூடினேனா என்று மறுபடியும் பார்த்தேன். மனைவி பவானி எப்போதோ முன் இருக்கையில் ஏறியிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, நாங்கள் பிறம்ரனுக்குத்தான் போறம், வன்னிக் காட்டுக்கில்லை. ஏறுங்கோ."

பயணத்தின் காரணம் கம்லா. போத்தல் மூடி செய்யும் தொழிற்சாலையில் பவானிக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் லாவோஸ் பெண். போன வைகாசிப் பறுவத்தில், பௌர்ணமியன்று, அவளுடைய தாய் ஊரில் இறந்துபோனார். இந்தப் பறுவம் ஒரு வருடம் நிறையும் ஆட்டைத் திவசம். தாய்க்குப் பிடித்த சாப்பாட்டைப் பிக்குவின் கையில் கொடுத்தால் அது தாயைப் போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆனால் பிக்குமார் மத்தியானத்துக்குப் பிறகு சாப்பிடமாட்டார்கள். பன்னிரண்டு மணி தாண்டினால் அன்றைய படையல் இல்லை. லாவோஸ்காரரின் கோயில் பிறம்ரனையும் தாண்டி ஒரு பழைய பண்ணை வீட்டில் இருக்கிறது. பஸ் போகாது. பவானி என்னைக் கேட்காமலே என் வானைக் கொடுத்துவிட்டாள்.

படித்தவர்கள் எழுதினால் இந்த இடத்தில் வெசாக் என்ற புத்தர் பிறந்தநாளின் கதை வரும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கண்டதை மட்டும் எழுதுகிறேன். கம்லாவோடும் மற்றவர்களோடும் நாங்கள் பேசியது தொழிற்சாலை ஆங்கிலம். அதை அப்படியே எழுதினால் எங்கள் எல்லாருக்கும் மரியாதையில்லை என்பதால் எங்கள் தமிழில் தருகிறேன்.

எட்டு மணிக்கு சென் ஜேம்ஸ் ரவுண். எங்கள் வீட்டிலிருந்து இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூடுதல். கம்லா தன் கட்டிட வாசலில் பட்டுப் பாவாடையும் தோளில் குறுக்காகப் போட்ட சால்வையுமாக நின்றாள். கையில் மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு. இன்னொரு பெட்டியில் வாழையிலையில் பொதிந்து அவித்த மீன். சைனா ரவுணில் உறைந்த வாழையிலை வாங்கி, விடியமுன்பே எழும்பிச் சமைத்தாளாம். மீன் பெட்டியை என் இருக்கைக்குப் பின்னால் வைத்தாள். வெயில் ஏறினால் மீன் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதே யோசனை தொடங்கிவிட்டது.

வழியில் ஓரிடம் போகவேண்டியிருந்தது. என்னோடு வேலை செய்யும் வியட்நாம்காரன் துவான், தங்கள் கோயிலுக்கும் வரச்சொல்லி இரண்டு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிந்திவிடும் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"பத்துக்கு வெளிக்கிட்டால் காணும். உங்கடை முகத்தைப் பார்த்தால் புத்தரே பயந்துபோவார்" என்றாள் பவானி.

நகரின் மேற்கே, முன்பு தேவாலயமாக இருந்த செங்கல் கட்டிடம் அது. வாகனம் நிறுத்த மூன்று டொலர். ஊதுபத்திக் கட்டு ஒரு டொலர். வாசலில் நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, செம்மஞ்சள் பட்டைகள் போட்ட கொடி. அந்தக் கொடியை முன்பே பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் கொழும்பு மருதானையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வேலை செய்தேன். வெசாக் வந்தால் அந்தத் தெரு முழுக்க இந்தக் கொடிதான். எண்பத்து மூன்று கலவரத்தில் கப்பலேறி யாழ்ப்பாணம் போன பிறகு அதை நான் காணவில்லை. இது சிங்களவரின் கொடி என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இங்கே வியட்நாம் கிழவிகள் அதற்குக் கீழே நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே ஒரு பெரிய தட்டத்தில் பூ மிதக்கும் தண்ணீர். நடுவில் ஒரு சாண் உயரத்தில் குழந்தைப் புத்தர், ஒரு கை வானத்தையும் மறு கை நிலத்தையும் காட்டியபடி. வரிசையில் போய் அகப்பையால் தண்ணீர் அள்ளி ஊற்றவேண்டும். என் முறை வந்தது. எங்கள் அபிஷேகம்போல உச்சந்தலையில் ஊற்றினேன்.  துவான் என் முழங்கையைப் பிடித்தான்.

"தோளிலை ஊத்து. தலையிலை ஊத்தினால் பிள்ளைக்குச் சளி, தடிமன் வரும்."

பின்னால் நின்ற கிழவிகள் சிரித்தார்கள். நான் மூன்றுதரம் மன்னிப்புக் கேட்டேன். அவர்களிடம் சாப்பாடு முழுக்க மரக்கறி. இறைச்சியைப்போலவே செய்த சோயா. எங்களுக்கும் ஒரு கோப்பை கஞ்சி தந்தார்கள். கம்லா சாப்பிடவில்லை. மீன் பெட்டி வானுக்குள்ளேயே இருந்தது.

பத்தேகாலுக்கு வெளிக்கிட்டோம். முக்கால் மணி ஓட்டம். பதினொன்றுக்குப் போய்விடலாம். ஆனால் 401ஆம் நெடுஞ்சாலையில் விமான நிலையத்துக்கு முன்பே எல்லாம் நின்றுவிட்டது. ஒரு பக்கம் வீதி திருத்தம். மறுபக்கம் அன்றைக்கு இந்த நாட்டின் அன்னையர் தினம். பக்கத்து வாகனங்களில் எல்லாம் பூச்செண்டுகள், தாயைச் சாப்பிடக் கூட்டிப்போகிறவர்கள். எங்கள் வானில் பூவுக்குப் பதிலாக மீன் மணம்.

வெப்பம் காட்டும் ஊசி மெல்ல மெல்ல ஏறியது. நான் கண்ணாடியை இறக்கி, சூட்டுக் காற்றைப் போட்டேன். இயந்திரத்தின் சூட்டை உள்ளே இழுத்தால் ஊசி இறங்கும்.

"எங்களையும் சேர்த்து அவிக்கப் போறியளே?" என்றாள் பவானி.

கம்லா கூடையை மடியில் வைத்து மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தாள். பதினொன்றேகால் ஆனது. கடைசியில் டிக்சி றோட் வெளிவழியால் இறங்கினேன். சிறு வீதிகளால் போனாலும் பன்னிரண்டரை ஆகும். அதை நான் சொல்லமுன் அவளே சொன்னாள்:

"பரவாயில்லை, அண்ணை. அம்மா கோவிக்கமாட்டா."

சொல்லிவிட்டுச் சால்வையின் முனையால் முகத்தைத் துடைத்தாள்.

இரண்டு சந்தி கடந்திருப்போம். "நிப்பாட்டுங்கோ" என்றாள் கம்லா. ஒரு பள்ளிக்கூடத்தின் கம்பி வேலியில் அதே ஐந்து நிறக் கொடிகள். "உங்கை பிக்குமார் இருப்பினம்."

அவள் பார்த்தது கொடியை. நான் பார்த்தது அதன் கீழே தொங்கிய துணியை. வட்ட வட்டமான எழுத்துகள். மருதானை பஸ்களின் நெற்றியில் பார்த்த எழுத்துகள். ஞாயிறு என்பதால் பள்ளி மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் சிங்களவர் வெசாக் செய்கிறார்கள். ஏப்ரலில் சமாதானம் முறிந்து மறுபடி சண்டை தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் அம்மா தனியாக. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. உள்ளே போனால் அவர்கள் என்ன சொல்வார்கள்? எங்கள் ஆட்கள் யாராவது இந்த வாசலில் என் வானைக் கண்டால்?

"இறங்குங்கோ. உங்களுக்குத்தானே அவையின்ரை பாஷை தெரியும்" என்றாள் பவானி.

"பன்னிரண்டு வருஷமாகப் பேசேல்லை."

"அவளின்ரை தாய்க்கு அதெல்லாம் தெரியுமே?"

இறங்கினேன்.

கம்லா கூடையும் பெட்டியுமாகப் பின்னால் வந்தாள். வாசலில் வெள்ளைச் சேட்டும் வெள்ளைக் களிசானும் போட்ட ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றார். நேரம் பதினொன்று நாற்பது. துருப்பிடித்த சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். இந்தப் பெண் லாவோஸ், தாய் இறந்து ஒரு வருடம், பிறம்ரன் போக முடியவில்லை, பிக்குமாருக்கு இதைக் கொடுக்கலாமா? அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நீ யார், எந்த ஊர் என்ற கேள்விக்கு நான் மனதுக்குள் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் கேட்டது, "பெட்டிக்குள் மீனா?"

"மீன்."

"இன்றைக்கு நாங்கள் மரக்கறிதானே" என்று தலையைச் சொறிந்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "நில்லுங்கள்" என்று உள்ளே ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திரும்பி வந்து, "பெரிய ஹாமுதுரு வரச்சொல்கிறார். கொடுப்பதை வாங்குவதுதான் தங்கள் வேலையாம். சப்பாத்தைக் கழற்றுங்கள், கெதியாக" என்றார். ஹாமுதுரு என்றால் பிக்கு.

கூடைப்பந்து வளையங்களில் வெசாக் கூடுகள் தொங்கின. நாங்கள் ஊரில் கண்ட அதே எட்டு மூலைக் கடதாசிக் கூடுகள்தான். உள்ளே மின்குமிழ். நான்கு பிக்குமார் நிலத்தில் வரிசையாக இருந்தார்கள். கம்லா முழங்காலில் நகர்ந்து போய் ஒட்டரிசியை உருட்டி வைத்தாள். மீன் பொதியையும் வைத்தாள். மூத்த பிக்கு இலையைப் பிரித்து, ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் பிக்குமார் ஓதினார்கள். ஒரு செம்பும் அகன்ற பாத்திரமும் அவள் முன் வந்தன. யாரும் ஒன்றும் விளக்கவில்லை. செம்பைச் சரித்து, நூல்போலத் தண்ணீர் விட்டுக்கொண்டே அவளும் சேர்ந்து ஓதினாள். இராகம் வேறு, சொல் ஒன்று. இறந்தவருக்காக நீர் வார்ப்பது இரண்டு ஊரிலும் ஒன்றுதான்போல.

பிறகு தன்சல். வந்தவர் எல்லாருக்கும் காசில்லாமல் சாப்பாடு. சோறு, பருப்பு, பலாக்காய்க் கறி. வெள்ளைச் சேட்டுக்காரர் எனக்குத் தானே போட்டார்.

"யாழ்ப்பாணமா?" என்றார் குனிந்தபடி.

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது.

"ஆட்கள் சுகமா?"

"அம்மா இருக்கிறா. சேதி இல்லை."

 "என் தங்கையின் மகனும் அந்தப் பக்கம்தான்" என்றார். எந்த உடுப்பில் என்று நான் கேட்கவில்லை. இன்னும் ஒரு கரண்டி பருப்பு விட்டார்.

வெளிக்கிடும்போது கம்லா வார்த்த தண்ணீரைப் பாத்திரத்தோடும், மீதி நீரைச் செம்போடும் கொண்டு வந்தாள். லாவோஸ் வழக்கத்தில் அதை ஒரு மரத்தடியில் ஊற்றவேண்டுமாம். வாகனத் தரிப்பிடத்தின் ஓரத்தில், கம்பில் கட்டிய ஒரு மேப்பிள் கன்றுதான் இருந்தது. அதன் அடியில் ஊற்றினாள். செம்பில் மிஞ்சியிருந்ததைப் பவானியிடம் நீட்டினாள். பவானி தன் தகப்பனை நினைத்துக் கொஞ்சம் வார்த்தாள். பிறகு செம்பு என்னிடம் வந்தது.

"எனக்கு வேண்டாம். அம்மா இருக்கிறா" என்றேன்.

இப்படி நான் உறுதியாக ஒன்றைச் சொன்னால் பவானி பகிடி பண்ணுவாள். அன்றைக்கு, "ஓம், இருக்கிறா" என்று மட்டும் சொல்லிச் செம்பை என் கையிலிருந்து வாங்கினாள். மீதியை என்ன செய்வது என்று கேட்டாள்.

"அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. மிச்சம் வெறும் தண்ணிதான்" என்றாள் கம்லா.

"அப்ப இவரின்ரை றேடியேற்றருக்கு விடுவம்" என்றாள் பவானி.

இயந்திரம் ஆறியிருந்தது. மூடியைத் திறந்து விட்டேன். செம்பையும் பாத்திரத்தையும் திருப்பிக் கொடுக்கப் போனபோது வெள்ளைச் சேட்டுக்காரர் வாசலில் வேறு யாரையோ வரவேற்றுக்கொண்டிருந்தார். கையை மட்டும் உயர்த்தினார்.

ஒரு நாளில் இரண்டு ஊர் வெசாக் பார்த்தேன். போக நினைத்த மூன்றாவதைக் காணவில்லை. மருதானையில் வெசாக் என்றால் கடை இரண்டு மடங்கு வேலை, நின்று பார்க்க நேரமிருக்காது. கொழும்பில் இருந்த காலம் முழுக்க ஒரு தன்சலில்கூட நான் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டது இங்கே, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில்.

திரும்பும்போது வீதி வெறுமையாக இருந்தது. வோபர்ன் வரை ஊசி நடுவிலேயே நின்றது. நான்தான் அடிக்கடி பார்த்துக்கொண்டு வந்தேன்.