மேரிராணி வீட்டிலேயே இருந்துவிட்ட ஆயுத பூஜை

ஓசூரை அடுத்த மத்திகிரியில் ஒரு வாடகை வீட்டில் வளர்ந்த ஜாஸ்லினுக்கு ரோஜா என்றாலே அப்பா மைக்கேல்ராஜ்தான். பேரிகைப் பக்கம் ஒரு பூப்பண்ணையில், பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் முதல் வரிசைச் செடிகளை நட்டவர் அவர். மாரடைப்பில் அவர் போன பிறகு, அதே வரிசையில் அம்மா மேரிராணி பூ வெட்டினாள். கல்லறைத் திருநாள் வந்தால் அந்த வரிசைப் பூதான் அவருக்குப் போகும். கடைப் பூவை மேரிராணி கையால் தொட்டதில்லை.

பண்ணையில் இன்னொரு வழக்கமும் உண்டு. ஆயுத பூஜைக்கு மண்வெட்டி முதல் கம்ப்யூட்டர் வரை சந்தனம் குங்குமம் வைத்துப் பொரிகடலை படைத்துவிட்டால், விஜயதசமி முடியும்வரை யாரும் எதையும் தொட மாட்டார்கள். செடிக்குத் தாகம் எடுக்குமே? அதற்குத்தான் இயேசுவைக் கும்பிடும் வேதக்காரக் குடும்பம் ஒன்று இருக்கிறதே! முதலில் மைக்கேல்ராஜும் அப்புறம் மேரிராணியும் அந்த நாட்களில் தண்ணீரையும் உரத்தையும் பார்த்துக்கொண்டார்கள். மேஸ்திரி திம்மப்பன் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போவார்.

ஜாஸ்லின் படித்து, ஓசூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். சொட்டுநீரில் உரம் கலந்து விடும் புரோகிராமை அந்தப் பண்ணைக்கே எழுதிக் கொடுத்தாள். மேரிராணிக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

எல்லா பாலிஹவுஸுக்கும் பொதுவான உர அளவு ஒன்று புரோகிராமுக்குள் இருந்தது. மொட்டு விடும் செடிகளுக்கு மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஜாஸ்லின் என்ன செய்தாள்? அந்தப் பொது அளவையே எடுத்துக் கூட்டி, அதன் இடத்திலேயே திரும்ப வைக்கும்படி எழுதிவிட்டாள். அதனால் புரோகிராம் தண்ணீர் திறக்கும் ஒவ்வொரு முறையும் அளவு இன்னும் கொஞ்சம் ஏறியது. தினமும் காலையில் திம்மப்பன் கம்ப்யூட்டரில் அளவைப் புதிதாக அடித்துவிடுவார். முந்தின நாள் ஏறியதெல்லாம் அதோடு அழிந்துபோகும். அதனால் தப்பு யார் கண்ணிலும் படவில்லை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு மேரிராணிக்கு முட்டிவலி.

"நீ வீட்ல இரும்மா. யாரும் அளவு அடிக்கலன்னாலும் பழைய அளவுலயே ஓடும்" என்றாள் ஜாஸ்லின்.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறனே?"

"எதுக்கு? அதான் நான் எழுதினது இருக்குதில்ல?"

திம்மப்பனுக்கும் போன் போட்டு அதையே சொன்னாள்.

குங்குமம் வைத்த கம்ப்யூட்டரை ஒருவரும் தொடவில்லை. அளவு ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. விடுமுறை முடிந்து திம்மப்பன் கதவைத் திறந்தார். இலையெல்லாம் ஓரம் கருகி, வேர் வெந்து கிடந்தது. பண்ணைக்காரர் சத்தம் போடவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் குடைமிளகாய் போடச் சொன்னார். மைக்கேல்ராஜ் நட்ட வரிசையும் டிராக்டரில் குப்பையோடு குப்பையாகப் போனது.

கல்லூரியில் பரீட்சைக்குப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்ட ஃபங்ஷனல் புரோகிராமிங்கை ஜாஸ்லின் அப்புறம்தான் திரும்ப எடுத்தாள். அந்த முறையில் ஒருதடவை வைத்த அளவை யாரும் திருத்த முடியாது. கூடுதலாக வேண்டுமா, அதைப் பார்த்து வேறொன்றைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான். முதலில் வைத்தது அப்படியே இருக்கும். கூட வேலை செய்யும் யுவஸ்ரீயோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினாள். அதே விடுமுறை நாட்களைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். பொது அளவு இம்மியும் அசையவில்லை.

"ஏய், ஏறவே இல்லடி!" என்று யுவஸ்ரீ துள்ளினாள். ஜாஸ்லின் மேசையில் தலையை வைத்து அழுதாள். இந்தப் பாழாய்ப்போன புத்தி பூஜைக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா?

கல்லறைத் திருநாளன்று மேரிராணி ஓசூர் மார்க்கெட்டில் ரோஜா வாங்கினாள். எந்தப் பண்ணைப் பூ என்று கேட்கவில்லை. மெழுகுவத்தி ஏற்றி, பூவை வைத்துவிட்டு, வருஷாவருஷம் பேசுவதுபோலக் கணவரிடம் பேசினாள்.

"இந்த வருஷம் கடப் பூதாங்க. புள்ள மேல கோவிச்சுக்காதீங்க. எனக்கு முட்டி வலிக்குதேன்னுதான் வீட்ல இருன்னு சொன்னா."

பின்னால் நின்ற ஜாஸ்லின் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.